காலுக்குள் ஒரு துரை

1937 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்தேன். கடற்கரையில் கப்பல் பாலம் வரை நடந்து திரும்பினேன். கிணற்றடியில் குளியல். காபி, முந்தின நாள் ரொட்டியில் இரண்டு துண்டு. ஈஸ்டர் நோன்பான தபசுக்காலம் ஆகையால் வெண்ணெய் தொடவில்லை. கோட்டில் தளர்ந்திருந்த பித்தான் ஒன்றைத் தைத்துக்கொண்டேன். எட்டு மணிக்குச் சுங்க அலுவலகத்தில் என் மேசைமுன் இருந்தேன். காரைக்காலிலிருந்து வந்த தோணியின் சரக்குகளைப் பதிந்து முடிக்கவே முற்பகல் சரியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு வீடு திரும்பியபோது, அடுத்த வீட்டுச் சொல்தா என் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஊரில் பல சொல்தாக்கள் உண்டு. எங்கள் தெருவில் அந்தப் பெயர் அவர் ஒருவருக்கே. அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்குத் தெரியும். தெருவில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை என்பதால் நானும் இங்கே எழுதவில்லை.

ஒரு கையில் தடி, மறு தோளில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு குட்டை முக்காலி. அவரை எப்போதும் பார்க்கிற கோலம்தான். அன்று புதிதாக இருந்தது வேட்டியில் வலது தொடைப்பக்கம் தெரிந்த ஈரக் கறை. இரத்தம் இல்லை. துருப்பிடித்த ஆணி கிடந்த தண்ணீரின் நிறம்.

"தொரைக்கு வேர்க்குது, முசே" என்றார். ஐயா என்பதற்குப் பிரெஞ்சு வழக்கப்படி அவருக்கு முசேதான்.

துரை என்றது அவர் தொடைக்குள் இருந்த தகட்டை. பதினான்காம் வருஷத்துப் பெரிய சண்டைக்குப் பிரான்சுக்குப் போனவர், குண்டடி படவில்லை. குண்டுப் பெட்டிகள் ஏற்றிய வண்டியைக் கோவேறு கழுதை குடை சாய்த்ததில் அடியில் சிக்கித் தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. அங்கே ஒரு பட்டாளத்து ஆஸ்பத்திரியில் எஃகுத் தகடு வைத்து, திருகாணி முடுக்கி, எலும்பை ஒட்ட வைத்தார்கள். ஊர் திரும்பிய நாளிலிருந்து அந்தத் தகட்டை அவர் தன்னுடையது என்று சொன்னதே இல்லை. வெள்ளைக்காரச் சீமையிலிருந்து வந்தவர், மரியாதை தெரிந்தவர், கொஞ்சம் முன்கோபி, தன் காலுக்குள் குடியிருக்கிறார் என்பதுதான் அவர் பேச்சு. "தொரைக்குக் குளிர் ஆகாது." "தொரை இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்காரு." மழை வருமா என்று துரையைக் கேட்டுச் சொல்வார், பாதி நாள் தப்பும். தப்பினால், "அவரு அவங்க ஊரு மழையச் சொல்றாரு" என்பார்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண்கள்கூடத் துரையை விசாரிப்பார்கள். ஒருநாள் நான் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா சொல்தா, உன் தொரைக்கு வஞ்சிரம் போடட்டா, காரப்பொடி மீனே போதுமா?"

"அவரு எதுவானாலும் துன்னுவாரு. எனக்குத்தான் முள்ளு பாத்துத் துன்னத் தெரியாது."

"அதான் ஒரு பொண்டாட்டி வேணும்ன்றது. தொரை வாணாம்ன்னாரா?"

கூடை வரிசை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். மீதிச் சில்லறையை எண்ணாமல் மடியில் முடிந்துகொண்டு நடந்தார்.

அவர் வீட்டில் ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்தால் வலது காலை நீட்டி முக்காலிமேல் வைத்துக்கொள்வார். தரையில் உட்கார மாட்டார். அடுப்பைத் தரையில் வைக்காமல் இடுப்புயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, நின்றுகொண்டே சமைப்பார். தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படிக் கிடையாது. மாதா கோயிலில் பூசையின்போது சனமெல்லாம் முழங்காலில் இருக்க, அவர் மட்டும் தீர்த்தத் தொட்டியருகே நின்றிருப்பார். சாமியார் அனுமதி கொடுத்திருந்தார். மாலை நேரங்களில் சுவருக்கு அப்பால் அவர் பேசுகிற குரல் கேட்கும். முதலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் வந்ததில்லை.

ஊரார் இதையெல்லாம் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் சிலர் மேசையில் சாப்பிடப் பழகி, தரையில் இலைமுன் உட்காருவதைக் குறைவாக நினைத்ததுண்டு. சொல்தாவின் நாற்காலியும் அந்த வகை என்று முடிவு கட்டிவிட்டார்கள். தெருக்கோடி வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது நினைவிருக்கிறது. பந்திப்பாய் விரித்து இலை போட்டாயிற்று. எல்லாரும் உட்கார்ந்தோம். அவர் மட்டும் சுவரோரம் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, முக்காலியை எடுத்து வைத்து, காலை நீட்டினார். பெண்ணின் தாய்மாமன் பரிமாறிக்கொண்டு வந்தவர் நின்றார்.

"சொல்தாவுக்குத் தரை ஆகாதோ? நாங்கல்லாம் தமிழ்ச் சனம், எங்களோட உக்காந்தா பதவி போயிடுமா?"

"எனக்கு ஆவும்ங்க. உள்ள இருக்கறவருக்கு ஆவாது."

"அப்ப உள்ள இருக்கறவருக்கு முள்ளும் கத்தியும் கொண்டாரச் சொல்லட்டுமா?"

பந்தி சிரித்தது. அவருக்கு எல்லாருக்கும் கடைசியில் சோறு வந்தது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, எங்கள் முதுகுகளைப் பார்த்தபடி சாப்பிட்டார். அதன்பிறகு கல்யாண வீடுகளுக்கு முந்தின நாளே போய் மாப்பிள்ளை பெண்ணை வாழ்த்திவிட்டு வந்துவிடுவார். பந்திக்கு இருந்ததில்லை.

உண்மையான காரணத்தை ஒரு முறை என்னிடம் சொன்னார். தகடு வைத்த டாக்டர் இளவயதுக்காரர், சிவந்த தாடி. கட்டிலருகே வந்து, "இந்தக் காலில் பாரம் போடாதே. மடக்காதே. தரையில் உட்காராதே. நான் சொல்லும்வரை இப்படியே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சொல்லுவதற்குமுன் அவரை வேறு போர்முனைக்கு மாற்றிவிட்டார்கள். இவரைக் கப்பலேற்றி விட்டார்கள்.

"அவரு சொல்லலையே முசே. உத்தரவு போட்டவரு வாபஸ் வாங்கணும் இல்ல?"

"இங்கே வேறு டாக்டரைக் கேட்டிருக்கலாமே, அண்ணே."

"கேக்காம இருப்பனா? வந்த புதுசுல பட்டாளத்து டாக்டருங்க மூணு பேரு உக்காந்து பாத்தாங்க. வலிக்குதான்னாங்க. இல்லன்னேன். நல்லது, இப்படியே இருன்னாங்க."

இப்படியே இரு என்பதை, நலமாயிருக்கிறாய், போய் வா என்கிற பொருளில் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அவர் அதை இரண்டாவது உத்தரவாக எடுத்துக்கொண்டார். பட்டாளத்தில் ஒரு இடத்தில் நிறுத்தப்பட்டவன் மாற்றாள் வரும்வரை நகர மாட்டான். அவர் அப்படி நின்றது வருஷக்கணக்காக.

சண்டைக்குப் போகுமுன் முத்தியால்பேட்டையில் ஒரு பெண்ணை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். திரும்பி வந்தவர், கால் சரியாகட்டும், உத்தரவு வரட்டும் என்று தவணை சொன்னார். இரண்டு கிறிஸ்துமஸ் போயின. பெண்ணின் தகப்பன் அவளைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்துவிட்டார். இதைப்பற்றி அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "அது வழியப் பாத்துக்கினு இருந்துச்சு, நான் காலப் பாத்துக்கினு இருந்தேன்."

அவரிடம் எனக்குச் சங்கடம் உண்டான சந்தர்ப்பமும் உண்டு. ஒரு ஐப்பசி மழையில் பெரிய வாய்க்கால் நிரம்பி ஓடியது. பூக்காரக் கிழவி ஒருத்தி கரை வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாள். ஆழம் அதிகமில்லை, இழுப்பு இருந்தது. மிக அருகில் இருந்தவர் சொல்தா. இறங்கவில்லை. தடியை நீட்டினார், அவள் பற்றிக்கொண்டாள், அவர் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இடது காலில் மட்டும் நின்று பிடித்திருந்தார். மில்லிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் குதித்துத் தூக்கினார்கள். ஒருவன், "ஆம்பளையா நீ? முழங்கால் தண்ணி" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னான். அவர் தடியின் ஈரத்தை வேட்டியில் துடைத்தார்.

"எறங்கியிருந்தா தொரை தாங்கமாட்டாரு, முசே" என்றார் என்னிடம். "எலும்பு கூடாமப் போயிடும்."

அந்தக் கிழவியைவிட ஒரு இரும்புத் துண்டு அவருக்குப் பெரிதாகிவிட்டதா என்று எனக்குத் தோன்றியது. சில நாள் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கிழவி அப்படி நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் ஜன்னலில் ஒரு முழம் சாமந்தி வைத்துவிட்டுப் போவாள். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகில் சுற்றி வைப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தொடையில் பழைய தழும்பு சிவந்து வீங்கி, ஓரிடத்தில் கண் திறந்து நீர் கசியத் தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது. என்னிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தனியே போய் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வதாகவும், வீட்டு மனிதர் யாரையாவது கூட்டிவரும்படியும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"யாரக் கூட்டினு போறதுன்னு யோசிச்சுப் பாத்தேன், முசே" என்றார். சனிக்கிழமையிலிருந்து யோசித்திருக்கிறார். "உங்களுக்கு ஆபீசு இருக்கு. ஒரு மணி நேரந்தான்."

பிற்பகல் வர இயலாது என்று அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினேன். ஆள் ஏறிப்போகும் தள்ளுவண்டி ஒன்றைப் பேசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் முக்காலியை மடியில் வைத்துப் பிடித்திருந்தார்.

டாக்டர் பிரான்சில் படித்துவிட்டுச் சமீபத்தில் வந்த தமிழர். அவசரமில்லாமல் பேசினார். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எங்கள் இருவரையும் கிட்டே வரச் சொன்னார். துரையை நான் பார்த்தது அப்போதுதான். விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான வெள்ளைக் கோடு, அதைத் துளைத்து ஆறு திருகாணிகள். ஒன்று நடுவில் முறிந்திருந்தது. ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் கறுப்பாக ஒரு வளையம்.

"கறுப்பா தெரியறது எலும்பு கரைஞ்ச எடம்" என்றார் டாக்டர். "தகடு ஒரு உலோகம், திருகாணி வேற உலோகம். ஒடம்புல இருக்கற உப்பு நீருல ரெண்டும் சேர்ந்து இருந்தா அரிக்கும். அந்த அரிப்புதான் வெளிய கசியுது. இந்தத் தகட்டுக்கு அடியில பாருங்க, எலும்பு எவ்வளவு மெலிசாயிருக்கு. பாரத்தத் தகடே தாங்கிக்கிட்டதால எலும்புக்கு வேல இல்லாமப் போச்சு."

"வச்சவருக்கு இது தெரியாதுங்களா?" என்று கேட்டார் சொல்தா.

"அவரு ஒடஞ்ச எலும்பக் கூட்டறதுக்கு வச்சாரு. அது கூடிடுச்சு, நல்ல வேலதான். இத்தினி வருஷம் உள்ளயே கெடந்தா என்ன ஆவும்னு அப்ப யாரு பாத்திருக்காங்க? இப்பதான் ஒண்ணொண்ணா தெரிய வருது. உங்கள மாதிரி ஆளுங்ககிட்டேர்ந்துதான் தெரிஞ்சுக்கறோம்."

"எலும்பு எப்பங்க கூடிச்சு?"

"எப்பவோ. ஒரு வருஷத்துக்குள்ள கூடியிருக்கும். அன்னிக்கே இத எடுத்திருக்கலாம்."

"அப்ப..." என்று நிறுத்தினார். படத்தையே பார்த்தார். "அப்ப தரையில உக்காந்திருக்கலாங்களா?"

டாக்டருக்கு இந்தப் பழைய கதை எதுவும் தெரியாது. சிரித்தபடி, "தாராளமா. மரமே ஏறியிருக்கலாம்" என்றார்.

நான் சொல்தாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரு பணியாள் துணிகளை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் மேலே பேசிக்கொண்டு போனார். வியாழக்கிழமை காலை அறுத்துத் தகட்டை எடுத்துவிடலாம். நாளை பத்து மணிக்கு வந்து படுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் சீழ் எலும்புக்குள் இறங்கும், பிறகு காலையே எடுக்க வேண்டிவரும். எடுத்துவிட்டால் திருகாணி இருந்த இடங்களில் ஓட்டை இருக்கும், மெலிந்த எலும்பு முறியக்கூடும்.

"அதனால ஆறு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும். பாரம் போடக் கூடாது. மடக்கக் கூடாது. தரையில உக்காரக் கூடாது. அப்புறம் படம் எடுத்துப் பாத்து, போதும்னு நானே சொல்றேன்."

சொல்தா தலை நிமிர்ந்தார்.

"அதுவரைக்கும் நீங்க இங்கதான் இருப்பீங்களா, முசே?"

"ஏன் கேக்கறீங்க? இருப்பேன். மாத்தல் கீத்தல் வராம இருந்தா."

"யோசிச்சு சொல்றேங்க" என்று சொல்தா எழுந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். காலைப் பற்றி இன்னொரு முறை எச்சரித்தார். சொல்தா கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை அடைந்திருந்தார்.

திரும்புகையில் கடற்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கல் கட்டைமேல் உட்கார்ந்தார். முக்காலியைக் கீழே போட்டுக் காலை அதன்மேல் வைக்கவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பழக்கத்தில் கால் தானே நீண்டு, குதிகால் மணலில் பதிந்திருந்தது. அலுவலகம் விட்டவர்கள் நடந்து போனார்கள். இரண்டு பேர் எனக்கு வணக்கம் சொன்னார்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"எடுத்துடலாம், அண்ணே" என்றேன். "கால் போய்விடும் என்கிறாரே."

"எடுக்கறது பெரிசில்ல, முசே." முக்காலியின் கயிற்றை விரலில் சுற்றினார். "மறுபடியும் ஒருத்தரு சொல்லுவாருன்னு ஒக்காந்துக்கினு இருக்க முடியாது. இவருக்கும் மாத்தல் வரும். புதுசா வர்றவரு, நல்லாத்தானே இருக்க, இப்படியே இருன்னுட்டுப் போவாரு. வெட்டிட்டாகூடத் தேவல. முடிஞ்சிச்சுன்னாவது தெரியும்."

பேசுவதில் நான் சாமர்த்தியசாலி இல்லை. தேதிகள் தவறியதில்லை, அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே காரியம்.

"நான் சொல்றேன்" என்றேன். "ஆகஸ்டு பதினெட்டாம் தேதி. டாக்டர் யாராயிருந்தாலும் உங்களை அழைத்துக்கொண்டு போய்ப் படம் எடுக்கச் சொல்வேன். ஆம் இல்லை என்று அவர் வாயால் சொல்லும்வரை வெளியே வரமாட்டேன்."

"எழுதி வச்சிக்குவீங்களா?"

"இன்றைக்கே எழுதுகிறேன்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து, வண்டிக்காரனை நோக்கி நடந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், "பத்து மணிக்குப் போவணும். ஆனா நீங்க காலையிலயே வந்துடுங்க" என்றார்.

புதன்கிழமை காலை நான் கடற்கரைக்குப் போகவில்லை. எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தள்ளினேன். நாற்காலி காலியாயிருந்தது. சொல்தா தரையில் இருந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கியிருக்க வேண்டும்; சுண்ணாம்பு முதுகிலும் கையிலும் அப்பியிருந்தது, நெற்றி வியர்த்திருந்தது. இடது காலை மடக்கியிருந்தார். வலது கால் ஒரு பலகை போல நேரே நீண்டு கிடந்தது. எதிரும் புதிருமாக இரண்டு இலைகள் போட்டு, நடுவில் ஆப்பக்காரம்மாவிடம் வாங்கிய ஆப்பங்களைத் துணியில் மூடி வைத்திருந்தார்.

நான் பதறியதைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"இன்னைக்கு ஒரு நாள்தான், முசே. நேத்து வரைக்கும் ஒரு உத்தரவு. நாளையிலேர்ந்து ஒரு உத்தரவு. நடுவுல இது ஒண்ணுதான் எனக்கு."

"கால் வலிக்கிறதா?"

"வலி இல்ல. மடங்கமாட்டேங்குது. தொரை மேல தப்பு சொல்ல முடியாது, முட்டியே மறந்துபோச்சு." தன் பாதத்தைப் பார்த்தார். அது எதிரே போட்டிருந்த இலையை நேராகக் குறி வைத்து நீண்டிருந்தது. அவர் முகம் வாடிற்று. "உங்க எலைக்கு நேரா கால நீட்டினு இருக்கேன். தப்பா நெனைக்காதீங்க. வேணும்னா நாற்காலியில..."

நான் என் இலையை எடுத்தேன். அதை அவர் இலைக்குப் பக்கத்தில் போட்டு, அவர் தோளுக்கு அருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சிறு வயதிலிருந்து சாப்பாட்டு இலைமுன் சம்மணமிட்டுத்தான் பழக்கம். அன்று என் வலது காலையும் அவருடையதைப் போல நேரே நீட்டினேன்.

அவர் துணியை விலக்கி, முதல் ஆப்பத்தை என் இலையில் வைத்தார்.